‘மந்து’ என்று கேட்டதற்கு நான் சொன்ன பதில்

மாடிப்படியோரம் உங்கள் ரப்பர் செருப்பை இன்னும் யாரும் எடுத்து வைக்காத வீட்டிலிருந்து, என் சண்முகம் அண்ணனுக்கு,

“இவி காகுண்டா, வேறே மந்து ஏமைனா தாகுதுன்னாரா?”

அந்த டாக்டர் தம்பி கேட்ட கேள்வி உங்களுக்கு மறந்திருக்காது. எத்தனை பேரிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள். நீங்கள் போய் எட்டு மாதமாகிறது. அந்தக் கேள்வி என் காதில் விழாமல் ஒரு நாளும் விடிவதில்லை. அதைப் பற்றி உங்களிடம் ஒன்று சொல்ல வேண்டியிருக்கிறது. இருந்தபோது சொல்லத் தெரியவில்லை. தெரிந்தபோது நீங்கள் இல்லை.

லோத்குண்டா மெயின் ரோட்டில் அந்தச் சின்ன கிளினிக். நீங்கள் பேண்ட்டைத் தூக்கிக் கணுக்காலைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். விரலால் அழுத்தினால் குழி விழுந்து, அது மேலெழ நேரமாயிற்று. கிட்னி கொஞ்சம் மெதுவாக வேலை செய்கிறது என்றார் அவர். வாழைப்பழம் கூடாது, இளநீர் கூடாது, தக்காளியைக் குறையுங்கள் என்றார். நாம் கொண்டுபோன மாத்திரை அட்டைகளை ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தார். அப்போதுதான் அதைக் கேட்டார்.

நான் உங்கள் ரத்தப் பரிசோதனைக் காகிதத்தைப் படித்துக்கொண்டிருந்தேன். கேள்வியின் வால் மட்டும்தான் மனதில் ஏறியது. மந்து. தாகுதுன்னாரா.

இதைப் படிக்கும் மற்றவர்களுக்காக ஒரு வார்த்தை. இந்த ஊர்த் தெலுங்கில் ‘மந்து’ என்றால் மருந்து. அதே ‘மந்து’ என்றால் சாராயமும்தான். ‘தாகு’ என்றால் குடி. “மந்து தாகாடு” என்று ஒருவனைப் பற்றிச் சொன்னால், அவன் போட்டிருக்கிறான் என்று அர்த்தம். இரண்டு அர்த்தமும் எனக்குத் தெரியாததல்ல. நாற்பது வருஷம் இங்கே பள்ளிக்கூடத்தில் அறிவியல் நடத்தியவள் நான். பாலாநகர்த் தொழிற்சாலையில் முப்பது வருஷத்தை ஹிந்தியும் ஆங்கிலமுமாக ஓட்டிவிட்ட நீங்கள், தெலுங்கு என்றால் என் முகத்தைத்தான் பார்ப்பீர்கள். அன்றும் பார்த்தீர்கள்.

“சேச்சே, லேதண்டி. ஆயனக்கி ஆ அலவாட்டே லேது” என்றேன். இவருக்கு அந்தப் பழக்கமே கிடையாது என்று.

டாக்டர் நிமிர்ந்து பார்த்துச் சிரித்துவிட்டு, எதையோ எழுதினார். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

ஆட்டோவில் ஏறியதும் உங்களுக்கு விளக்கம் சொன்னேன். நீங்கள் பின்னால் சாய்ந்து சிரித்த சிரிப்பில் ஆட்டோ ஆடியது.

“ஏளா, என் மூஞ்சியைப் பார்த்தா குடிகாரன் மாதிரியா இருக்கு?”

“மூக்கு கொஞ்சம் செவப்பாத்தான் இருக்கு, அண்ணே.”

“அது ஜலதோஷம்ளா. ஓமவல்லி போட்டுக் கஷாயம் குடிச்சா போயிரும்.”

ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்து, “கியா ஹுவா சாப்?” என்றார். உங்கள் ஹிந்தியில் நீங்கள் கதையைச் சொல்ல, அவர் தலையை ஆட்டி, “மந்து நக்கோ சாப், சாய் பீயோ” என்றார், சாராயம் வேண்டாம், டீ குடியுங்கள் என்று. அதற்கும் சிரித்தோம். கஷாயம் என்று நீங்கள் வாய் விட்டுச் சொன்னீர்கள், அண்ணா. பக்கத்தில்தானே உட்கார்ந்திருந்தேன். அப்போதாவது எனக்கு உறைத்திருக்கக் கூடாதா?

வீட்டுக்கு வந்து மதினியிடம் சொன்னீர்கள். காலையில் கூட நடக்கிறவர்களிடம் சொன்னீர்கள். திவ்யாவுக்கு போன் போட்டீர்கள். உங்கள் மகளுக்குத் தமிழ் புரியும், வாயில் முதலில் வருவது தெலுங்குதான். “அப்பா, மீரு அந்த பெத்த தாகுபோதா?” என்று, நீங்கள் அவ்வளவு பெரிய குடிகாரரா என்று, அவள் சிரித்தது இங்கே கூடம் வரை கேட்டது. அவள் தெலுங்கிலேயே படித்து வளர்ந்தவள். அவளுக்கும் தோன்றவில்லை. வேடிக்கையாக வந்துவிட்ட விஷயத்தை யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை போலிருக்கிறது.

மொட்டை மாடியில் நீங்கள் போட்டிருந்த தோட்டத்தை நான் மற்றவர்களுக்கும் சொல்ல வேண்டும். பெயிண்ட் டப்பா, உடைந்த வாளி, பாதியாக அறுத்த டிரம், எல்லாவற்றிலும் மண். ஓமவல்லி, துளசி, தூதுவளை, வல்லாரை, பிரண்டை, தண்ணீர்த் தொட்டிக் குழாயைச் சுற்றி வெற்றிலை. தொழிற்சாலையில் வயர்களுக்குக் கட்டும் வெள்ளை டேக்குகளை ஒரு டப்பா நிறைய வைத்திருந்தீர்கள். ஒவ்வொரு செடிக்கும் ஒரு டேக். முன்பக்கம் தமிழ்ப் பெயர், பின்பக்கம் தெலுங்குப் பெயரைத் தமிழ் எழுத்திலேயே எழுதியிருப்பீர்கள். ஓமவல்லி, வாமு ஆகு. வல்லாரை, சரஸ்வதி ஆகு. பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்டு வந்தால் திண்டாடக் கூடாது என்பீர்கள்.

அந்தத் தோட்டத்தால் நன்மையே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். எனக்குத் தொண்டை கட்டினால் உங்கள் தூதுவளை ரசம்தான். மதினிக்கு வாய்க்கு ருசி இல்லாத நாளில் பிரண்டைத் துவையல்தான். ரசத்துக்கும் துவையலுக்கும் ஒரு அளவு இருக்கிறது. வாய் போதும் என்று சொல்லிவிடும். சாறு பிழிந்து கண்ணை மூடிக்கொண்டு குடிப்பதற்கு அந்த அளவு இல்லை. ஒரு கைப்பிடிக் கீரையைப் பொரியல் செய்தால் ஒரு ஆள் தின்னலாம். அரைத்துப் பிழிந்தால் நாலு கைப்பிடி ஒரு டம்ளருக்குள் போய்விடும்.

மிலிட்டரி காம்பவுண்டு சுவர் ஓரமாகத் தரையில் படர்ந்து கிடந்த மூக்கிரட்டையை நீங்கள்தான் வேரோடு பெயர்த்துக் கொண்டுவந்தீர்கள். கால் வீக்கத்துக்கு நல்லது என்று எங்கோ படித்தீர்கள். டேக்கில் ‘மூக்கிரட்டை’, பின்னால் ‘கலிஜேரு’. டாக்டரிடம் போவதற்கு முன்பே காலையில் ஒரு டம்ளர் சாறு ஆரம்பித்துவிட்டது. மதினி அரைத்து, துணியில் பிழிந்து கொடுப்பார்கள். ‘இவி காகுண்டா’, அதாவது இந்த மாத்திரைகள் தவிர, என்று டாக்டர் கேட்டது அந்த டம்ளரைத்தான்.

முதல் வாரம் வீக்கம் கொஞ்சம் வடிந்தது. “பார்த்தியாளா, மாத்திரை பாதி, இது பாதி” என்று காலைக் காட்டினீர்கள். அதன் பிறகு சாயங்காலமும் ஒரு டம்ளர்.

டாக்டர் சொன்ன பத்தியத்தை உங்களைப்போல் யாரும் கடைப்பிடித்திருக்க மாட்டார்கள். கோயிலில் கொடுத்த வாழைப்பழத்தை வாயில் வைக்காமல் என் கையில் தந்தீர்கள். ரசத்தில் தக்காளி மிதந்தால் ஓரமாக ஒதுக்கினீர்கள். அந்தப் பழத்தில் எந்த உப்புக்குப் பயந்தோமோ, அதே உப்பைக் காலையும் மாலையும் பச்சையாகக் குடித்துக்கொண்டிருந்தீர்கள்.

அந்த உப்பின் பெயர் பொட்டாசியம். நான் வருஷா வருஷம் அதை நடத்தியிருக்கிறேன், அண்ணா. காய்ந்த இலையை எரித்து, சாம்பலைத் தண்ணீரில் கரைத்து, பிள்ளைகளைத் தொட்டுப் பார்க்கச் சொல்வேன். வழவழவென்று இருக்கும். “இலைக்குள்ள இருந்த பொட்டாஷ்தான் இது” என்பேன். உங்கள் தொட்டிகளுக்கு அடுப்புச் சாம்பலும் வாழைப்பழத் தோல் ஊறிய தண்ணீரும் ஊற்றச் சொன்னதே நான்தான். செடி உறிஞ்சியது எங்கே போகும் என்று ஐந்தாம் வகுப்புப் பிள்ளைக்குச் சொல்லத் தெரிந்த எனக்கு, நம் வீட்டு டம்ளரைப் பார்க்கத் தெரியவில்லை.

பரீட்சையில் தண்டைப் பற்றிக் கேட்டால், வேரைப் பற்றி இரண்டு பக்கம் அழகாக எழுதி வைக்கும் பிள்ளைகள் உண்டு. எழுதியதில் ஒரு பிழை இருக்காது. இருந்தும் பூஜ்யம்தான் போடுவேன். “கேள்வியை ரெண்டு தடவை படிச்சியா?” என்று கேட்பேன். தலையைக் குனிந்துகொண்டு நிற்பார்கள்.

அந்தக் காலையில் வெற்றிலைக் கொடியைக் கட்டிக்கொண்டிருந்தபோது, “கை கனக்குதுளா” என்றீர்கள். தொட்டிப் படியில் உட்கார்ந்தீர்கள். பிறகு எழுந்திருக்க முடியவில்லை. ஆஸ்பத்திரிக்குத் திவ்யாவும் வந்து சேர்ந்துவிட்டாள். அங்கே இருந்த டாக்டரம்மா அவளிடம் வேகமாகக் கேட்டார்.

“நாட்டு மந்து, பசரு மந்து ஏமைனா தாகாரா?”

பசரு என்றால் பச்சிலைச் சாறு. திவ்யா அம்மாவைத் திரும்பிப் பார்த்து, “அம்மா, லீவ்ஸ் ஜூஸ் ஏதாவது அப்பா குடிச்சாங்களா?” என்றாள்.

“ஆமா. மூக்கிரட்டை. ரெண்டு வேளையும் நாந்தான் அரைச்சுக் குடுப்பேன்” என்றார்கள் மதினி, பெருமையும் பயமும் கலந்த ஒரு குரலில்.

டாக்டரம்மாவின் பேனா நின்றது. அதே நொடியில், இரண்டாவது முறையாக அந்தச் சொல்லைக் கேட்ட எனக்குள்ளும் எல்லாம் நின்றது. மந்து. தாகாரா. திவ்யா மெதுவாக என் பக்கம் திரும்பி, “அத்தை, தட் ஜோக்...” என்று ஆரம்பித்தாள். முடிக்கவில்லை. இன்றுவரை அவள் அதை முடிக்கவில்லை.

மத்தியானத்துக்குள் நீங்கள் போய்விட்டீர்கள்.

ரத்தத்தில் அந்த உப்பு ஏறி இதயத்தை நிறுத்திவிட்டது, கிட்னியும் மோசமாகியிருந்தது, சாறு ஒரு காரணமாக இருக்கலாம், அது மட்டும்தான் என்று சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. மதினி அதில் பாதியைத்தான் எடுத்துக்கொண்டார்கள். சாறு என்ற பாதியை.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து உங்கள் பைலை எடுத்துப் பார்த்தேன். கிளினிக் டாக்டரின் கிறுக்கலில், ஆங்கிலத்தில், வேறு மருந்து எதுவும் இல்லை என்று ஒரு வரி. நான் சொன்ன பதில். அவர் சரியாகத்தான் கேட்டிருக்கிறார், நான் சொன்னதைச் சரியாகத்தான் எழுதியிருக்கிறார்.

பைலை மேல் தளத்தில் என் அறை அலமாரியில் புடவைகளுக்கு அடியில் வைத்தேன். அங்கே வைத்ததைத்தான் உங்களிடம் சொல்ல வேண்டும்.

கீழே மதினி மிக்சி ஜாரைப் பரணில் ஏற்றிவிட்டார்கள். அம்மியில் ஒரு சட்னி அரைப்பதும் நின்றது. மூக்கிரட்டையை மட்டும் பிடுங்கித் தொட்டியைக் கவிழ்த்துவிட்டு, அதற்குப் பின் மாடிக்கு ஏறவே இல்லை. நான் தண்ணீர் ஊற்றினேன். வெயிலில் பாதி காய்ந்துவிட்டது. சாப்பிடும்போது சோற்றில் கை வைத்துவிட்டு அப்படியே அந்தக் கையைப் பார்ப்பார்கள். “இந்தக் கைதான் பாரு” என்பார்கள் என்னிடம். “விதி மதினி” என்பேன். விதி என்று சொல்வது எனக்கு எவ்வளவு வசதியாக இருந்தது தெரியுமா?

போன மாதம் பக்கத்து வீட்டு அம்மா வாசலில் நின்று, குழந்தைக்குச் சளி, வாமு ஆகு இரண்டு இலை வேண்டும் என்று கேட்டாள். நான் மாடிக்குப் போகத் திரும்பினேன். மதினி உள்ளிருந்து வந்து வழியில் நின்றார்கள்.

“எங்க வீட்டு இலையா? வேண்டாம்மா. பிள்ளைக்குக் குடுக்காதே.”

அந்த அம்மாவுக்குத் தமிழ் புரியவில்லை. முகம் புரிந்திருக்கும். திரும்பிப் போய்விட்டாள்.

அன்றைக்குப் புடவைகளுக்கு அடியிலிருந்து பைலை எடுத்துக்கொண்டு கீழே போனேன். மதினி அவரைக்காய் நாரை உரித்துக்கொண்டிருந்தார்கள்.

“மதினி, அந்த டாக்டர் அண்ணன்கிட்ட சாராயத்தைக் கேக்கலை. வேற மருந்து ஏதாவது குடிக்கிறீங்களான்னுதான் கேட்டாரு.”

“எந்த டாக்டரு?”

“கிளினிக்ல. நாங்க சிரிச்சோமே, அது.”

நார் உரிக்கும் கை நின்றது.

“அப்ப அவன் கேட்டிருக்கான்.”

“கேட்டாரு.”

“நீ இல்லைன்னுட்டே.”

“ஆமா.”

“அவுக பக்கத்துல இருந்தாக.”

“ஆமா மதினி. அண்ணனுக்குத் தெலுங்கு...”

“அது எனக்குத் தெரியும். கேள்வி என்னன்னு எப்ப தெரிஞ்சுது உனக்கு?”

“ஆஸ்பத்திரியிலயே.”

மதினி ஒரு அவரைக்காயை எடுத்து, பார்த்து, தட்டில் திரும்ப வைத்தார்கள்.

“ஏழு மாசமா நான் என் கையைப் பார்த்துக்கிட்டு இருக்கேன், பாரு. நீ என்னைப் பார்த்துக்கிட்டு இருந்திருக்கே.”

அழுதிருந்தால் தாங்கியிருப்பேன். திட்டியிருந்தால் நிம்மதியாகக்கூட இருந்திருக்கும். தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார்கள். அதற்குப் பிறகு பதினோரு நாள் என்னோடு பேச்சில்லை. சாப்பாடு மட்டும் மூடி வைத்தபடி படியில் இருக்கும். நான் எடுத்துக்கொள்வேன். நீங்கள் இருந்திருந்தால் நடுவில் நின்று இரண்டு பேரையும் அதட்டியிருப்பீர்கள். உங்களைப் பற்றிய சண்டைக்கு நீங்கள் இல்லை.

பன்னிரண்டாம் நாள் காலை மாடியில் சத்தம் கேட்டுப் போனேன். மதினி ஒரு பிளாஸ்டிக் கவரோடு தொட்டி தொட்டியாகக் குனிந்துகொண்டிருந்தார்கள். உயிரோடு இருந்த ஒவ்வொரு செடியிலும் ஒரே ஒரு இலை. அந்தந்த டேக்கை அவிழ்த்து அந்தந்தக் காம்பில் கட்டினார்கள்.

“எனக்கு சுகர் பார்க்கிற நாளு. கிளம்பு” என்றார்கள் என்னைப் பார்க்காமலேயே. “வந்து பக்கத்துல உட்காரு. பேசாதே. நான் பேசிக்கிடுதேன்.”

மதினிக்கு எவ்வளவு தெலுங்கு தெரியும் என்று உங்களுக்குத் தெரியும். காய்கறி வாங்குகிற தெலுங்கு.

அதே கிளினிக், அதே தம்பி. மதினி மாத்திரை அட்டைகளை மேஜையில் வைத்தார்கள். அதன் பக்கத்தில் கவரைக் கவிழ்த்து இலைகளை வரிசையாகப் பரப்பினார்கள். “இவி நேனு தின்டானு” என்றார்கள். இவையெல்லாம் நான் சாப்பிடுவது என்று. கடைசியாக முந்தானை முடிச்சை அவிழ்த்து, இலை இல்லாத வெறும் டேக் ஒன்றை வைத்தார்கள். மூக்கிரட்டை. கலிஜேரு.

“இதி மா ஆயன. தாகாரு.” இது என் வீட்டுக்காரர் குடித்தது.

டாக்டருக்குத் தமிழ் எழுத்து தெரியாது. என்னைப் பார்த்தார். நான் மதினியைப் பார்த்தேன். மதினி தலையசைத்த பிறகு, “கலிஜேரு பசரு” என்றேன். “ரெண்டு வேளை. நீங்கள் கேட்ட அன்று நான் கேள்வியைத் தப்பாகப் புரிந்துகொண்டேன்” என்று தெலுங்கில் சொன்னேன். அந்தத் தம்பி அந்த டேக்கைக் கையில் எடுத்தார். “நானும் இன்னொரு முறை கேட்டிருக்கலாம் அம்மா” என்றார். பிறகு ஒவ்வொரு இலையாக முகர்ந்து பார்த்து, போனில் படத்தோடு ஒப்பிட்டு, ஒன்றைத் தனியாக ஒதுக்கி, “இதி வத்து” என்றார், இது வேண்டாம் என்று. மற்றதைச் சமையலுக்குள்ள அளவில், சாறாக வேண்டாம் என்றார். மதினி ஒதுக்கியதைக் கிழித்துக் குப்பைக் கூடையில் போட்டார்கள்.

மன்னித்தேன் என்று மதினி சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. திரும்பும்போது ஆட்டோவில் எங்கள் இருவருக்கும் நடுவே நீங்கள் உட்காரும் இடம் காலியாக இருந்தது. இரண்டு பேரும் நகர்ந்து உட்காரவில்லை. மிக்சி ஜார் இன்னும் பரணில்தான் இருக்கிறது. ஆனால் சோற்றில் கை வைத்ததும் சாப்பிடத் தொடங்கிவிடுகிறார்கள். பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு இரண்டு ஓமவல்லி இலை போயிற்று, டாக்டரிடம் காட்டிவிட்டுக் கொடு என்ற சேதியோடு.

இதை எழுதலாமா என்று கேட்டேன். “எழுது. அவுக படிக்க மாட்டாக. படிக்கிறவங்க படிக்கட்டும்” என்றார்கள்.

உங்களுக்கு ஒரு வாக்குத் தருகிறேன், அண்ணா. மிச்சமிருக்கும் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுவேன். மதினியின் கை குற்றமற்றது என்று, கேட்கிறவர்களுக்கும் கேட்காதவர்களுக்கும் சொல்வேன். இனி யாருக்காகவும் பதில் சொல்லும் முன்னால், கேள்வியை இன்னொரு தடவை சொல்லுங்கள் என்று கேட்பேன்.

படித்துக்கொண்டிருக்கும் உங்களுக்கு ஒரே ஒரு வேலை. அடுத்த முறை டாக்டரிடம் போகும்போது, நீங்கள் வீட்டில் அரைத்தும் கொதிக்க வைத்தும் குடிக்கிற ஒவ்வொரு செடியிலும் ஓர் இலையைப் பறித்து ஒரு கவரில் போட்டுக்கொண்டு போங்கள். மாத்திரைகளுக்குப் பக்கத்தில், அவர் கேட்கும் முன்பே, மேஜையில் வையுங்கள்.

உங்களுக்காகப் பேசப்போய்ப் பாதிக் கேள்விக்குப் பதில் சொன்ன,
உங்கள் தங்கை
பார்வதி